மூச்சுக்கிணறு

— நாப்பது.

— நாப்பத்தி ஒண்ணு, தங்கச்சி. எங்க வீட்டுக்கடியில, நான் பொறந்ததுலேருந்து ஏறி எறங்கற படி.

— ஒவ்வொண்ணா எண்ணித்தான் எறங்கினேன், ஸாதெத்தின் அண்ணே. நாப்பதுதான் வந்தது. தம்பி யால்சின் நோட்டுலயும் நாப்பத்தி ஒண்ணுன்னுதான் இருக்கு. நான்தான் எங்கயோ விட்டுட்டேன். ஏறிப் போய்த் திரும்ப எண்ணட்டுமா?

— ஏறிப் போயா! ரொட்டி மேல சத்தியமா சொல்றேன், இப்படி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல. இல்ல, பாத்திருக்கேன். உன் தம்பி. அவரும் இதே படியில நின்னுக்கிட்டு...

— நின்னுக்கிட்டு என்ன சொன்னான்?

— நாலாவது தளம் போற வரைக்கும் கேள்வி கிடையாதுன்னு பேசிக்கிட்டோம்ல? டீக்கடையில வச்சு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. ஒன்பதே காலுக்கு. நோட்ட மேசையில வச்சேன். நீங்க அட்டையப் பாத்தீங்க, தொடக்கூட இல்ல. "அவர் எங்க இருக்கார்னு காட்டறேன், யாருக்கும் சொல்லாதே"ன்னீங்க. நான் சொல்லல. எங்க அம்மாவுக்குக் கூட நான் இங்க வந்தது தெரியாது. மூணு வருஷமா அவங்க யால்சினுக்கும் சேத்துத் தட்டு போடறாங்க. நம்பிக்கை குடுத்துட்டு வெறுங்கையோட போய் நிக்க முடியாது. அவன் எப்படி இருந்தாலும் சரி, இஸ்மிருக்குக் கொண்டு போகணும். அதுக்குத்தான் இந்தப் பை.

— பெரிய பைதான்.

— போதுமான்னு தெரியல. அளவு எனக்குத் தெரியலையே.

— குனிஞ்சு வா. இங்க கூரை தாழ்வு. அந்த வட்டக்கல்லுல இடிச்சுக்காத. எதிரி வந்தா உள்ளேருந்து உருட்டி வழிய மூடுவாங்களாம். இப்ப அதுல நாங்க சாக்குதான் காயப் போடறோம்.

— இதெல்லாம் எலுமிச்சையா? இவ்வளவு பெட்டியா?

— மெர்சின்லேருந்து வியாழக்கிழம வந்து எறங்கினது. வரும்போது பச்சை, கல்லு மாதிரி இருக்கும். இங்க நாலு மாசம் படுத்து எழுந்தா மஞ்சளாகி, தோல் மெலிஞ்சு, சாறு எறங்கும். எந்தக் காலத்துலயோ எவனோ உயிருக்குப் பயந்து குடைஞ்ச ஊரு. இப்ப எலுமிச்சம்பழம் ராஜா மாதிரி குடியிருக்கு. ஏன் தங்கச்சி, டார்ச் இருக்கறப்ப அந்த மெழுகுவர்த்தி எதுக்கு?

— நோட்டுல இருக்கு. "எலுமிச்சைக்குக் கீழே போனால் கையில் சுடர் வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். காரணம் சொல்லவில்லை." காரணம் என்ன?

— பழமும் மூச்சு விடும். நம்ம மாதிரியேதான். நல்ல காத்த இழுத்துக்கிட்டுக் கெட்டத விடும். கெட்ட காத்து கனம், நேரா கீழ எறங்கித் தேங்கும். மூச்சுக்கிணறு திறந்திருக்கிற வரைக்கும் பயமில்ல. அதோ, செவுத்துல ஜன்னல் தெரியுதுல்ல? அதுக்குள்ள தலைய விட்டு மேல பாரு.

— ஒரு காசு அளவு வானம் தெரியுது.

— எங்க முற்றம். அங்கேருந்து அடித்தளம் வரைக்கும் ஒரே துளை. தளத்துக்கு ஒரு ஜன்னல்.

— எப்ப அடைப்பீங்க?

— காசிம் நாள்ல.

— நவம்பர் எட்டு. இன்னைக்கு.

— இன்னைக்கேதான். இதுக்கு மேல பனி எறங்கும், தொட்ட பழம் கருகிடும். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னதும் வைக்கோல் மூட்டைய உள்ள எறக்கி, பலகை போட்டு, களிமண் பூசிடுவோம். கதவுக்கும் அதே மாதிரி. அப்புறம் மார்ச்சுல லாரி வரும்போதுதான் திறப்போம். மொகத்த ஏன் அப்படி வச்சுக்கற? சும்மா அடைச்சிட மாட்டோம். அதுக்கு மொறை இருக்கு. கிணத்து வாயில நின்னு, கீழ இருக்கிறவன் பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிடணும். பதில் வந்தா காத்திருக்கணும். மூணு தடவைக்கும் பதில் இல்லைன்னாத்தான் மூட்டைய எறக்கணும். எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்து மொறை. அஸருக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு.

— எழுதிக்கிறேன். மூணு தடவை. பேர் சொல்லி.

— ஸாதெத்தீன்! டேய் ஸாதெத்தீன்! பொழச்சுக் கெடக்கியா?

— அய்யோ! யாரு?

— பயப்படாத, எங்க அக்கா ஹனிஃபே. மேல கிணத்து வாயில நின்னு பேசறா. கேக்கறதப் பாரு, பொழச்சுக் கெடக்கியான்னு! இதுதான் அவ கொஞ்சற லட்சணம். ...இருக்கேன் அக்கா! பெட்டி அடுக்கறேன்!

— அடுக்கறவன் சத்தம் இப்படியா வரும்? பேசிக்கிட்டுல்ல இருக்கே. கூட யாரு, காலையில வந்த விருந்தாளிப் பொண்ணா?

— ஆமா அக்கா! சுத்திப் பாக்க வந்தவங்க!

— சுத்திப் பாக்க அங்க என்ன இருக்கு, இருட்டு. மகளே! மேல வா. டீ எறக்கியிருக்கேன். இவன் பேச்சக் கேட்டா காது புளிச்சிடும். அவன் வேலைய முடிச்சுட்டு வரட்டும், நீ வா.

— கொஞ்ச நேரத்துல வரேங்க!

— வா வா. ஆறிடும்.

— நல்ல மாதிரிப் பேசறாங்க.

— அவ புருஷன் போனதுக்கப்புறம் இந்தக் கிடங்கு முழுக்க அவ தலையிலதான். லாரிக்காரங்க எனக்குப் பயப்பட மாட்டாங்க, அவளப் பாத்தா சிகரெட்ட அணைச்சிடுவாங்க. இந்தப் பக்கம் எறங்கு. பக்கவாட்டுல, சாஞ்சு.

— பதினேழு, பதினெட்டு... அண்ணே, நாம பேசறது அவங்களுக்குக் கேக்குமா?

— கேக்காது. மேலேருந்து கீழ நல்லா வரும். கீழேருந்து மேல போகணும்னா ஜன்னல்ல தலைய விட்டுக் கத்தணும். அப்பவும் யார் குரல்னு தெரியாது. கிணத்துக்குள்ள போயிட்டா எல்லாம் ஒரே மாதிரி கரகரன்னு ஆயிடும். அதனால தைரியமா சொல்றேன், கேளு. இந்த வீட்டையும் கிடங்கையும் விக்கப் போறேன். நாளைக்கு ஒரு ஓட்டல்காரன் அளவெடுக்க வரான். கையெழுத்தும் நாளைக்கே. குகையில படுக்க இப்ப உலகமே வருது. அக்காவுக்கு இன்னும் தெரியாது. நெவ்ஷெஹிர் டவுன்ல லிஃப்டு வச்ச வீடு பாத்திருக்கேன் அவளுக்கு. முட்டி வலி, பாவம்.

— அவங்க சம்மதிப்பாங்களா?

— மூணு வருஷத்துக்கு முன்ன, காசிமுக்கு முந்தின வாரம், ஒரு தடவ பேச்செடுத்தேன். "இந்த வீட்டுலேருந்து என்ன எறக்கணும்னா நேரா குழியிலதான் எறக்கணும்"னா. அவ அப்படித்தான், பேச்சு பெருசு. போகப் போகப் பழகிடுவா. இப்பப் புரியுதா, ஏன் உன்னக் கூட்டிட்டு வந்தேன்னு? நாளைக்கு அவங்க ஆளுங்க வெளக்க எடுத்துக்கிட்டு ஒவ்வொரு மூலையா நுழைவாங்க. அதுக்குள்ள நீ... நீ கொண்டு போயிடணும்.

— அப்ப அவன் இங்கதான் இருக்கான்.

— பாத்து வா, இந்தப் படி வழுக்கும்.

— உயிரோட இல்லைன்னு எனக்குத் தெரியும் அண்ணே. நோட்டு பார்சல்ல வந்த அன்னைக்கே தெரியும். அனுப்பினவர் பேர் இல்ல, முத்திரையும் பாதி அழிஞ்சிருந்தது. ஆனா நோட்டு எலுமிச்சை வாசம் அடிச்சது. நான் மருந்துக்கடையில வேல பாக்கறவ, வாசம் எனக்குத் தப்பாது. தப்பாதுன்னு நெனச்சேன், அப்புறம் அதுலயும் சந்தேகம் வந்தது. லீவு கிடைக்கும் போதெல்லாம் எலுமிச்சை வைக்கிற ஊரா எறங்கி, ஸாதெத்தின்னு யாராவது இருக்காங்களான்னு கேட்டேன். இது பதினோராவது ஊர்.

— என் பேரு நோட்டுலயா இருக்கு?

— கடைசிப் பக்கத்துல இருக்கு. நீங்க படிக்கலையா?

— திறக்கவே இல்ல. ரொட்டி மேல சத்தியம். அட்டை மேல விலாசம் இருந்தது. கண்ண மூடிக்கிட்டுத் தாள்ல சுத்தி, நெவ்ஷெஹிர் போய்ப் போட்டுட்டு வந்தேன். என்ன எழுதியிருக்கு?

— நாலாவது தளம் வரைக்கும் கேள்வி கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் அங்கயே சொல்றேன்.

— நீ சரியான ஆளு.

— இது மூணாவது தளமா? சுடர் சின்னதாயிடுச்சு.

— படியில எறங்கின காத்துல அப்படி ஆகும். நில்லு. இல்ல... வேகமா வா, இங்க நிக்க வேணாம்.

— இந்த ஜன்னலப் பத்தி எழுதியிருக்கான். "அகலம் இரண்டு சாண், உயரம் மூன்று. கீழே உட்கார ஒரு திண்டு." அளந்து பாக்கறேன்.

— வேணாம் தங்கச்சி.

— ஏன்?

— அந்தத் திண்டுலதான் உட்கார்ந்திருந்தாரு.

— எப்ப பாத்தீங்க?

— மார்ச்சு மாசம். லாரி வரதுக்கு மொத நாள் கதவுக் களிமண்ண நான்தான் ஒடைச்சேன். கெட்ட காத்து போகட்டும்னு கொஞ்ச நேரம் வெளிய நின்னு, சிகரெட்டு புடிச்சிட்டு எறங்கினேன். இந்த ஜன்னல்ல மொகத்த வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. தூங்கற மாதிரிதான். குளிர்ல உடம்புக்கு ஒண்ணும் ஆகல. நோட்டு சட்டைக்குள்ள இருந்தது.

— நவம்பர்லேருந்து மார்ச் வரைக்குமா?

— திட்டணும்னா திட்டு. அடிக்கணும்னா அடி.

— எப்படி நடந்ததுன்னு வரிசையா சொல்லுங்க. நாள், நேரம், எல்லாம்.

— மூணு வருஷத்துக்கு முன்ன, அன்னைக்கும் காசிம் நாள். எனக்கு நெவ்ஷெஹிர்ல மொத ஓட்டல்காரனப் பாக்கணும். அக்காகிட்ட சொன்னா கத்துவா. அதனால பெட்டி அடுக்கப் போறேன்னுட்டு பின்பக்கமா நழுவினேன். வாசல்ல உன் தம்பி, முதுகுல பை, கையில நோட்டு. உள்ள பாக்கலாமான்னு கேட்டாரு. எனக்கும் வசதின்னு நெனச்சேன். அவர் கீழ உருட்டிக்கிட்டு இருந்தா, சத்தம் கேட்டு அக்கா நான்தான்னு நெனச்சுப்பா. சாவியக் குடுத்தேன். மெழுகுவர்த்தி எடுத்துக்கோ, அஸருக்குள்ள ஏறிடு, சாவிய பூந்தொட்டிக்குக் கீழ வைன்னேன்.

— அவன் ஏறல.

— நானே அஸருக்குள்ள வந்துடலாம்னுதான் கணக்கு. அந்த ஓட்டல்காரன் டீக்கு மேல டீயா ஊத்தினான். வீட்டுக்கு வரும்போது இருட்டிப் போச்சு. கதவுக்கும் கிணத்துக்கும் களிமண் பூசியாச்சு. தொட்டிக்குக் கீழ சாவி இல்ல. ஞாபகத்துக்கு எடுத்துட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சேன். அக்காகிட்ட கேட்டா நான் வெளிய போனது தெரிஞ்சிடும். கேக்கல.

— அவங்ககிட்ட கேக்கவே இல்லையா?

— எப்படிக் கேப்பேன்? அவ இருந்த இருப்பு அப்படி. நான் வாசல்ல நுழையறேன், கையில இருந்த தட்டக் கீழ போட்டுட்டா. தர்ஹானா கஞ்சி தரையெல்லாம். மொகம் சுண்ணாம்பு மாதிரி. "நீ வெளியிலயா இருந்தே?"ன்னா. அப்புறம் என்னக் கட்டிப் புடிச்சு அழுதா பாரு, சின்ன வயசுல கூட அப்படி அழுததில்ல. லேட்டாயிடுச்சுன்னு பயந்துட்டா போல. அவளுக்கு நான் ஒருத்தன்தானே.

— மார்ச்சுக்கு அப்புறமும் சொல்லலையா?

— சொல்லல. நீயும் சொல்லக்கூடாது. அதுக்காகத்தான் உன் கால்ல விழறேன். கிணத்த அடைச்சது அவ. மொறைப்படி மூணு தடவ கூப்பிட்டிருப்பா. உன் தம்பி அடித்தளத்துல இருந்திருப்பாரு, காதுல விழுந்திருக்காது. அவ மேல தப்பே இல்ல. ஆனா தன் கையால ஒரு உசுரு போச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. என் பாவத்த நான் சுமக்கறேன், அவளுக்கு எதுக்கு?

— மகளே! இன்னும் அங்கதான் இருக்கியா?

— பேசாத. கண்ணத் தொடச்சுக்கோ. ...இருக்காங்க அக்கா!

— ஒன்ன நான் கேக்கல. மகளே, ரெண்டாவது டீயும் ஆறிப் போச்சு. அங்க ரொம்ப நேரம் இருந்தா தலை வலிக்கும். அவன அங்க விட்டுட்டு நீ ஏறி வா, வழி நேர் வழிதான்.

— வரேங்க! இன்னும் ஒரு தளம் பாத்துட்டு வரேன்!

— அதுக்குக் கீழ ஒண்ணுமில்லம்மா. வந்துடு.

— சரி, கிடக்கட்டும்னு விடவே மாட்டா. விருந்தாளின்னா உசுரு அவளுக்கு. வா, நாலாவது தளம். இருபத்திரண்டு படி. எண்ணிக்கோ.

— எண்ணல.

— ...இதோ. பழைய ஆளுங்க திராட்சை மிதிச்ச தொட்டி. சாக்குல சுத்தி இதுல வச்சேன். சின்னக் கல்லா அடுக்கி மூடினேன். மக்கா இருக்கிற கிப்லா பக்கம் திருப்பித்தான் வச்சிருக்கேன். தரைக்கடியில எது கிப்லான்னு தெரியாம மேல ஓடிப் போய்ப் பள்ளிவாசலப் பாத்துட்டு வந்தேன், ரெண்டு தடவ. எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாஸீனும் ஓதினேன்.

— யால்சின்... அக்கா வந்துட்டேன்டா. லேட்டாயிடுச்சு. பத்து ஊர் தப்பாப் போயிட்டேன்.

— நான் கல்ல எடுக்கறேன். நீ அந்தப் பக்கம் உக்காரு.

— ரெண்டு பேருமா எடுப்போம்.

— சுடர் ரொம்பக் கீழ எறங்கிடுச்சே. தரையில வைக்காத, மேல தூக்கி வை. சீக்கிரம் முடிச்சுடலாம்.

— அண்ணே, இப்ப நாலாவது தளம். கடைசிப் பக்கம் என்னன்னு கேட்டீங்க.

— அப்புறமா படிக்கலாம்.

— இல்ல, இப்பவே. பென்சில் எழுத்து, கோடு விட்டுக் கோடு ஏறிப் போகுது. நான் தப்பாப் படிச்சிருக்கலாம்னு மூணு தடவ நகல் எடுத்து ஒத்துப் பாத்தேன். மூணும் ஒண்ணுதான். "மூன்றாம் தளத்து ஜன்னல். மேலே பாங்கு. பிறகு ஒரு பெண் குரல், 'ஸாதெத்தின்' என்று. அவர் இங்கே இல்லை, ஆனால் யாரோ இருக்கிறார்கள் என்று தெரியட்டும் என்று 'இருக்கேன்' என்றேன். மறுபடியும் கூப்பிட்டது. 'இருக்கேன், இருக்கேன்' என்றேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது தலையை உள்ளே விட்டுக் கத்தினேன். பிறகு வைக்கோல் வாசம். வெளிச்சம் போய்விட்டது."

— திரும்பப் படி.

— "மூன்றாவது தடவை கூப்பிட்டபோது..."

— அக்காவுக்குக் கேட்டிருக்காது. கீழேருந்து சத்தம் மேல போகாதுன்னு சொன்னேன்ல.

— இன்னைக்கு நீங்க சொன்ன பதிலெல்லாம் போச்சே.

— நான் கத்தினேன்.

— அவனும் கத்தினான். எழுதியிருக்கான்.

— அப்ப... வேத்து ஆள் குரல்னு, பேயோ பிசாசோன்னு பயந்து அடைச்சிருப்பா. ஆமா. இந்த ஊர்ல அப்படிப் பயம் உண்டு.

— கிணத்துல யார் குரல்னு தெரியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க அண்ணே. எனக்கு ஒண்ணு மட்டும் சரியாப் புரியல, நான் தப்பாக் கூட நெனைக்கலாம். அன்னைக்குக் கீழ இருக்கப் போறது யாருன்னு உங்க அக்காகிட்ட சொல்லிட்டுப் போனீங்க?

— நான்... நான் பெட்டி அடுக்கறேன்னு...

— பாங்கு சொல்றாங்க.

— மகளே! மூணாவது தடவையாக் கூப்பிடறேன். அவன விட்டுட்டு மேல வா.

— என் தம்பி இங்கதாங்க இருக்கான்! அவன எடுத்துக்கிட்டுத்தான் வருவேன்!

— அப்படியா. சரி, கிடக்கட்டும்.

— அக்கா! அக்கா, கொஞ்சம் பொறு, இதோ ஏறிடறோம்!

— ஸாதெத்தீன்!

— இருக்கேன் அக்கா! அடைக்காத!

— ஸாதெத்தீன்!

— இருக்கேன்! இருக்கேன்னு சொல்றேன்ல!

— ஸாதெத்தீன்!

— இருக்கேன் அக்கா! கேக்குதா இல்லையா?

— நல்லாக் கேக்குது. மெல்லப் பேசினாலும் கேக்கும்டா இந்தக் கிணத்துல. லிஃப்டு வச்ச வீடு பாத்திருக்கியாமே எனக்கு. என் முட்டி வலிக்கு.

— அதெல்லாம் வேணாம் அக்கா, நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடறேன்! பொண்ணே, நீ ஓடு, படியில ஏறு, கதவு திறந்துதான் இருக்கு!

— கதவுக்குப் பூசின களிமண் காயவே ஆரம்பிச்சிடுச்சு. மகளே, உன்ன மொறைப்படி மூணு தடவ கூப்பிட்டேன். ஏறி வந்திருந்தா களிமண்ண ஒடைச்சு விட்டிருப்பேன். நீதான் வரல.

— அண்ணே, சுடர் அணைஞ்சிடுச்சு.

— அக்கா! நல்லாப் பாரு, இது வேற யாரும் இல்ல! நான்தான்! உன் தம்பி! ஸாதெத்தின்!

— அன்னைக்கும் நீதான்னு நெனச்சுத்தான்டா அடைச்சேன்.